குழிச்ச கை

கொஞ்சம் அப்படி ஜன்னல் பக்கமா நகர்ந்துக்குங்க சார். காத்து வரும், நீங்களே வச்சுக்குங்க ஜன்னல. நான் நடுவுல. பையன் இப்படி ஓரத்துல. இல்ல சார், அவன் நடுவுல வேணாம், நான்தான் நடுவுல. ஆளுக்கு ஒரு பழக்கம். டேய் தினா, பைய மடியில வச்சுக்க. ஆங், அப்படி.

ஆமாம் சார், மிலிட்டரிதான். எக்ஸ். எப்படிக் கண்டுபுடிச்சீங்க, மீசையா? பச்சப் பையா? பதினேழு வருஷம். நாயக் ஜெயவேலு, போளூர். நாயக்ங்கறது ரேங்க்கு.

மிலிட்டரின்னதும் உங்க மூஞ்சில ஒரு லைட்டு எரிஞ்சுது பாருங்க, பாத்துட்டேன். இப்ப நீங்க ரெண்டுல ஒண்ணு கேப்பீங்க. ஒண்ணு, பார்டர். பனி, குண்டு, "எத்தனை பேர சார் சுட்டீங்க?" இல்லன்னா ரெண்டாவது. அக்கம்பக்கம் பாத்து, குரல எறக்கி, அப்படியே தோள்ல சாஞ்சு, "சார்... கேன்டீன்ல ஒரு ரம்மு கெடைக்குமா?" ஹா! சிரிச்சுட்டீங்க. ரெண்டாவதுதானே? கோட்டாவ போன வாரமே என் மச்சான் தூக்கிக்கினு போயிட்டான் சார். பார்டரும் கெடையாது. பதினேழு வருஷத்துல நான் சுட்டதெல்லாம் அட்டையில செஞ்ச மனுசன். அதுலயும் பாதிப் பேரு தப்பிச்சுட்டான்.

வீரக் கதை வேணும்னா அடுத்த பஸ்ஸுல வாங்க. எங்கிட்ட இருக்கறது ஒம்பது மாசக் கதைதான். ட்ரெய்னிங். நான் அடி வாங்கின கதை. அப்பறம் அடிச்ச கதை. இன்னிக்கு சொல்லித்தான் ஆவணும், ஏன்னா இன்னிக்குப் பையனுக்கு மெட்ராஸ்ல மறு மெடிக்கல்.

செலக்‌ஷன்ல ஓட்டத்துல மொத ஆளா வந்தான் சார் இவன். மொத ஆளு! கம்பில தொங்கி பத்து எடுத்தான். பள்ளம் தாண்டினான். மார்பு அளவு, எடை, எல்லாம் அச்சு அசலா. கடைசியில ஒரு கண்ணாடி போட்ட டாக்டர் ஒரு கொழாய வச்சுப் பாத்துட்டு, "எடது காதுல ஜவ்வு கிழிஞ்சிருக்கு, அன்ஃபிட்"னு சீல் குத்திட்டாரு. எடது காதாம். ஜவ்வாம். பொறக்கும்போது நான் பக்கத்துல இருந்தேன், ரெண்டு காதும் ஒழுங்காத்தான் இருந்துது. கொழாய்ல கோளாறு இருக்கும் சார். சரின்னு மேல எழுதிப் போட்டேன். மறு பரிசோதனைக்குக் கூப்புட்டாங்க. இன்னிக்குப் பதினோரு மணிக்கு. இதுல போச்சுன்னா போச்சு, அடுத்த செலக்‌ஷனுக்கு வயசு தாண்டிடும்.

காது கேக்குதா இல்லையா, நீங்களே பாருங்க. தினா! பாத்தீங்களா, திரும்பிட்டான். இருங்க, மெல்லமா. தினா... பாத்தீங்களா? இவனா செவிடன்? சரி சரி, ஒண்ணுமில்லடா, நீ முன்னால பாரு.

எங்க விட்டேன்? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

பத்தொம்பது வயசு எனக்கு. அப்போ போளூர்ல சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டிக்கினு இருந்தேன். கூடவே இந்தக் குரல் வித்தை. கோழி, ஆட்டுக்குட்டி, கூட்ஸ் வண்டி, எங்க மொதலாளி கடனுக்கு வந்தவனப் பாத்து இருமற இருமல். எல்லாம் வரும். மிலிட்டரில சேந்து ரெண்டு நாள் ரயிலு, அப்பறம் ஒரு லாரி. வடக்க ஒரு சென்டர். லாரிலேர்ந்து எறங்க ஏணி இருக்கும்னு தேடினேன். ஏணி இல்ல. பின்னால ஒரு பூட்ஸு இருந்துது. எறங்கிட்டேன். மூஞ்சி மொதல்ல, உடம்பு அப்பறம்.

எங்க பிளட்டூனுக்கு பக்தாவர் சிங்னு ஒரு ஹவில்தார். உஸ்தாத்னு கூப்புடணும், வாத்தியாருன்னு அர்த்தம். ஆளு ஒண்ணும் மலை மாதிரி இல்ல. என் தோளுக்கு இருப்பான். மூக்கால பேசுவான். கீழ் ஒதட்டுல எப்பவும் புகையிலத் தூள். பீச்சாங்கையில அத வச்சு சுண்ணாம்பு தடவி, கட்டவெரலால தேய் தேய்னு தேய்ப்பான். தேச்சுட்டு, சோத்துக்கையால தூசு போறதுக்குத் தட்டுவான். தட்... தட்... தட்... மூணு. நாலாவது தட்டு அவன் கையில விழாது சார். எவன் மூஞ்சிலயாவது விழும். எவன்னு தெரியாது. வரிசையில நாப்பத்திரண்டு பேரு, நாப்பத்திரண்டு பேரும் மூச்ச அடக்கிக்கினு நிப்போம்.

செஞ்சு காட்டறேன் பாருங்க. தட்... தட்... தட்... பாத்தீங்களா! பையனப் பாத்தீங்களா! கண்ண இறுக்கி மூடிட்டான்! ஹா ஹா! வீட்லயும் நாம அதே ட்ரெய்னிங்தான் சார். உஸ்தாதப் பாத்ததே இல்ல அவன், ஆனா நாலாவது எங்க விழும்னு தெரியும்.

மொத வாரம் கமாண்டே புரியல. இந்தி யாருக்குத் தெரியும்? அவன் உக்காருன்னு கத்தறான், எல்லாரும் உக்காந்துட்டான், நான் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிக்கறேன். தட், தட், தட்... கடவாப்பல்லு ஒண்ணு ஆடிப்போச்சு. மத்தியானம் ரொட்டிய கடிச்சேன், ரொட்டியோட வந்துட்டுது. தோ, இங்க பாருங்க, சந்து தெரியுதா? அன்னியிலேர்ந்து உக்காருங்கற இந்தி வார்த்தை எனக்கு மறந்ததே இல்ல. எந்த வாத்தியாரு சார் ஒரே பாடத்துல கத்துக் குடுப்பான்?

நெல்லூர்ப் பையன் ஒருத்தன், நாகேஸ்வர ராவ். கை தவறித் துப்பாக்கிய கீழ போட்டுட்டான். மிலிட்டரில பெத்த அம்மாவ கீழ போட்டாக் கூட விட்டுருவான், துப்பாக்கிய விடமாட்டான். அதே துப்பாக்கிய ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிக்கினு, ஜல்லி மேல முட்டியாலயே கிரவுண்ட ஒரு சுத்து சுத்த வச்சான் உஸ்தாத். கை எறங்கினா விலாவுல பூட்ஸு. சுத்தி முடிச்சப்ப பேண்டு கிழிஞ்சு, முட்டி கிழிஞ்சு, சதைக்குள்ள ஜல்லி. நாங்கதான் ஊக்க வச்சு நோண்டி எடுத்தோம். நோண்ட நோண்ட அவன் தெலுங்குல கத்தறான், எங்களுக்கு ஒரே சிரிப்பு. நான் வேற அவன் கத்தற மாதிரியே திருப்பிக் கத்திக் காட்டினேனா, வயித்தப் புடிச்சுக்கினு சிரிச்சான் எல்லாம். மூணே மாசம் சார். மூணு மாசத்துல அடுத்தவன் அழுதா நமக்குச் சிரிப்பு வர ஆரம்பிச்சுடும். அதுக்குப் பேருதான் ட்ரெய்னிங். ஊர்ல எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இத சொல்லிக் குடுக்க முடியாது.

"தம்பி, காலைக் கொஞ்சம் நகத்து. பாண்டு வைக்கணும்."

யாரு? ஓ, வாங்கம்மா. வாலாஜாவா? இந்த பஸ்ஸுல வாலாஜாவுக்கு அப்பறம் சீட்டே கெடைக்காது, நின்னுக்கினுதான் வரணும். சித்தாள் வேலையா? மேஸ்திரி முன்னாடி பஸ்ஸுல போயிட்டாரா?

"தம்பி! காலை நகத்துப்பா!"

டேய் தினா, காலை இந்தப் பக்கம் வாங்கிக்க, அந்தம்மா சாந்துப் பாண்டு வைக்கணுமாம். பாத்தீங்களா சார்? அந்தம்மா ரெண்டு தடவ சொன்னாங்க, அசையல. நான் ஒரு தடவ சொன்னேன், சட்டுனு நகந்துட்டான். ஒரே ஆள் கமாண்டுதான் எடுப்பான். அதான் டிசிப்ளின். முறைக்காதீங்கம்மா, மரியாத இல்லாத பையன் இல்ல.

கேளுங்க. ஒரு ஞாயித்துக்கெழம. துணி தொவைக்கற தொட்டிகிட்ட எல்லாரும் இருக்கோம். "ஜெயவேலு, உஸ்தாத செய்யிடா"ன்னான் எவனோ. நான் சோப்புத் தூள உள்ளங்கையில கொட்டி, ஒதட்ட இப்படித் துருத்தி, மூக்கால, "ஏய் மத்ராஸி! தும்ஹாரே தோ ஹாத் ஹைன் கி தோ ஜாடூ?" உனக்கு இருக்கறது ரெண்டு கையா, ரெண்டு தொடப்பமான்னு அர்த்தம். எல்லாம் உருண்டு உருண்டு சிரிக்கறான். நானும் ஏறிப்போயி தட், தட்னு ரெண்டு தட்டிட்டேன். அப்போ பாருங்க, சிரிச்சுக்கினு இருந்தவன் ஒருத்தன் நிறுத்தறான். பக்கத்துல இன்னொருத்தன் நிறுத்தறான். அதுக்கு அடுத்தவன் தொட்டித் தண்ணியவே உத்துப் பாக்கறான். எனக்குப் பின்னாலேர்ந்து மூணாவது தட்டு கேக்குது. தட்.

அன்னிக்கு பெல்ட்டு, சார். கொக்கி இருக்கற பக்கம். கம்பில தொங்க விட்டு, முதுகுல மணல் மூட்டையக் கட்டி, தொடைக்குப் பின்னாலயே. கைய விட்டா ரெண்டு கூட. எத்தனைன்னு எண்ணறத நிறுத்தினப்பறம்தான் கைய விட்டேன். கீழ கெடக்கறேன், வாயெல்லாம் மண்ணும் ரத்தமும். குனிஞ்சு உக்காந்து கேக்கறான், "எங்க, இப்ப இன்னொரு தடவ செய்." சத்தியமா சார். நான் படுத்துக்கினே செஞ்சேன். ரத்தத்தத் துப்பிட்டு அவன் குரல்லயே அவனத் திட்டினேன். சிரிச்சான் பாருங்க, ஒதட்டுல இருந்த புகையில என் மேல கொட்டற வரைக்கும் சிரிச்சான்.

மறுநாள்லேர்ந்து எனக்குப் புது வேலை. உஸ்தாத் மரத்தடியில டீ குடிப்பான். கமாண்டு நான் குடுக்கணும், அவன் குரல்ல. கண்ண மூடிக் கேட்டா ஒரு மயிர்க்கால் வித்தியாசம் தெரியாது. படுன்னா படுத்தான். உருளுன்னா உருண்டான். தவளை மாதிரி தாவுன்னா தாவினான். நாப்பத்தோரு பேரு சார், என் தொண்டைக்கு! எங்கப்பன் கூட என் பேச்சக் கேட்டதில்ல. என்னை மொறச்சவன் எவன், சோத்து வரிசையில இடிச்சவன் எவன்னு எனக்கு நினைவிருக்கும். அவனுக்கு மட்டும் ரெண்டு சுத்து கூட. வாந்தி எடுத்தா அது மேலயே உருட்டுவேன். எல்லாம் உஸ்தாத் கணக்குல போயிடும், என் கணக்குல வராது. பொய் சொல்லுவானேன், எனக்கு அது புடிச்சிருந்துது. சோறு தண்ணி வேணாம், அவ்வளவு புடிச்சிருந்துது.

"யோவ், அந்தப் பையன நடுவுல தள்ளிட்டு நீ ஓரமா வாயேன். நீயாச்சும் காலை மடக்குவ. பாண்டு ஆடிக்கினே கீது."

இல்லம்மா இல்லம்மா, அவன் ஓரத்துலயே இருக்கட்டும். நடுவுல அவனுக்குச் சரிப்படாது. பாண்ட நான் காலால புடிச்சுக்கறேன், குடுங்க. தோ, ஆச்சா.

தணிகாசலம்னு ஒரு பையன். சோளிங்கர்க்காரன். எங்க பக்கத்து ஆளுன்னா பிளட்டூன்ல அவனும் நானும்தான். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒல்லி. கையெழுத்து முத்து முத்தா இருக்கும், எங்க வீட்டுக்குப் போன லெட்டரெல்லாம் அவன் எழுதினதுதான். பல்லு போன சேதியக் கூட, "இங்கு பல் மருத்துவம் இலவசம்"னு எழுதி அனுப்பினான், படவா! அவன் எழுதறதப் படிச்சு எங்கம்மா நான் ஆபீஸருன்னே நினைச்சுக்கினு இருந்தாங்க.

அந்த வாரம் துணிமணி சாமானெல்லாம் பாக்கற கிட் இன்ஸ்பெக்‌ஷன்ல எங்க பிளட்டூனு ஃபெயிலு. தண்டனை என்னான்னா, ஆமனே சாமனே. ஆளுக்கு ஆளு எதிரெதிரா நிக்கணும். அவன் உன்னை அறையணும், நீ அவனை அறையணும். மாத்தி மாத்தி. உஸ்தாத் வரிசைக்கு நடுவுல நடந்துக்கினே வருவான். அடிச்ச சத்தம் அவனுக்குப் புடிக்கலன்னா, எப்படி அடிக்கணும்னு உன் மேலயே அடிச்சுக் காட்டுவான். தணிகாவும் நானும் ஜோடி. மொத நாள் ரெண்டு பேரும் பூனை தடவற மாதிரி தடவிக்கினோம். அவன் வந்து ரெண்டு பேருக்கும் பாடம் எடுத்தான். தணிகாவுக்கு மூக்கு ஒடைஞ்சுது. எனக்கு இந்தப் புருவம். ரெண்டு தையல்.

அப்போதான் சார் நான் மூளைய யூஸ் பண்ணினேன். உஸ்தாதுக்கு வேண்டியது என்ன? சத்தம். சத்தத்துல நான் யாரு? மாஸ்டர்! கைய நேரா விரிச்சு அடிச்சா, சப். எரியும். இப்படி வெரலச் சேத்து, தண்ணி மொண்டு குடிக்கற மாதிரி குழிச்சு அடிச்சா, டொப்! பட்டாசு! சத்தம் ரெண்டு மடங்கு, எரிச்சல் பாதி. தொடையில அடிச்சுக் காட்டறேன் கேளுங்க. டொப்! பாத்தீங்களா, முன் சீட்டுக்காரரு திரும்பிட்டாரு. ஒண்ணுமில்லண்ணே, நீங்க பாருங்க.

தணிகாவுக்குக் கத்துக் குடுத்தேன். ரெண்டாம் நாள் ரெண்டு பேரும் கன்னத்துல டொப் டொப்புன்னு போட்டுக்கறோம், மைதானமே அதிருது. உஸ்தாத் தலைய ஆட்டிக்கினே போறான். சபாஷ்ங்கறான். எங்களுக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.

மூணாம் நாள். உஸ்தாத் எங்ககிட்ட வந்து நின்னுட்டான். புகையில தேய்க்கறான். என் முறை. தட்... நான் கையத் தூக்கிட்டேன். தட்... தணிகா ஒதட்டக் கடிச்சு சிரிப்ப அடக்கறான். தட்... நாலாவது தட்டுக்குச் சரியா நான் வீசறேன், டைமிங் சார், டைமிங்ல என்னை அடிச்சுக்க ஆளில்ல. அந்த நொடி பாத்து, சிரிப்பு தாங்காம அவன் மூஞ்சியத் திருப்பிட்டான்.

டொப்.

என் வாழ்க்கையில அவ்வளவு சுத்தமான சத்தம் அதுக்கு முன்னாடி வந்ததில்ல.

அவன் சிரிச்ச வாயோடவே நிக்கறான். உஸ்தாத், "இன்னொண்ணு"ன்னான். குடுத்தேன். அதே எடத்துல. கமாண்டு குடுத்தா குடுக்காம? ரெண்டாவதுக்கு அவன் பக்கவாட்டுல சாஞ்சான், சாஞ்சு அப்படியே தூண் விழற மாதிரி விழுந்தான். காதுலேர்ந்து செவப்பா ஒரு கோடு, காலர் வரைக்கும். எழுந்து நில்லுன்னு பூட்ஸால ஒதைக்கறான் உஸ்தாத். எழுந்து நிக்கறான், திரும்ப விழறான். எழறான், விழறான். பூமி அவனுக்கு மட்டும் ஆடற மாதிரி. பாக்கறதுக்கு ஒரு மாதிரி... சிரிப்பாத்தான் இருந்துது அப்போ. எல்லாரும் சிரிச்சான்.

ஆஸ்பத்திரில ஒரு டாக்டர், கேப்டன். அவரும் கண்ணாடிதான். எல்லாரையும் கூப்புட்டு வச்சு சொல்றாரு, நேர் கையால அடிச்சா இப்படி ஆவாது. குழிச்ச கையால எவனோ அடிச்சிருக்கான். குழிச்ச கை காதுல விழுந்தா உள்ள காத்து அடைச்சு ஜவ்வக் கிழிச்சுடும். எவன் அது? அப்படின்னாரு.

டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க சார். தணிகாவுக்குக் காது பொறவியிலேயே வீக்கு, அதான் விஷயம்.

நான் ஒரு அடி முன்னால வந்து, "உஸ்தாத், சார்"ன்னேன். பொய்யும் இல்லையே, அடிக்கச் சொன்னது அவன்தானே? விசாரணைல எழுதி வாங்கினாங்க. நாகேஸ்வர ராவு முட்டியக் காட்டினான், நான் தையலக் காட்டினேன். தணிகாவக் கேட்டாங்க. அவனும் உஸ்தாத்னுதான் சொன்னான். என்னைப் பாத்துக்கினே சொன்னான். நட்புன்னா அது சார்! அப்பறம் அன்ஃபிட்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. டிரங்குப் பெட்டியோட லாரில ஏறினான். நான் கூப்புட்டேன், திரும்பல. எந்தப் பக்கம் நின்னு கூப்புட்டேன்னு இப்ப நினைவில்ல. சோளிங்கர்ல டீக்கடை வச்சிருக்கானாம். முப்பது வருஷமா போவணும் போவணும்னு பாக்கறேன். இந்த பஸ்ஸும் அந்தப் பக்கம் போறதில்ல பாருங்க.

பக்தாவர் சிங்குக்கு சட்டைக் கையில இருந்த பட்டில ஒண்ணு போச்சு, ஒரு ரேங்க்கு எறக்கி வேற எடத்துக்குத் தூக்கியடிச்சுட்டாங்க. போற அன்னிக்கு நேரா எங்கிட்ட வந்தான். நான் வெறப்பா நின்னேன். புகையில தேச்சான். தட். தட். தட். நான் பல்லக் கடிச்சுக்கினேன். என்னையே பாத்தான். பாத்துட்டு அந்தத் தூள ஒதட்டுல வச்சுக்கினு, திரும்பிப் போயிட்டான். நாலாவது விழவே இல்ல சார். பெல்ட்டால அத்தனை அடி அடிச்சவன். ஏன் அடிக்காமப் போனான்? அது மட்டும் எனக்கு இன்னிவரைக்கும் புரியல.

ஆனா ஒண்ணு. என்னை ஆளாக்கினது அவன்தான். சும்மா சொல்லக் கூடாது. அதே மாதிரி இவன ஆளாக்கணும்னு, பதினாலு வயசுலேர்ந்து காலையில அஞ்சரைக்கு ஏரிக்கரை கிரவுண்டு. உஸ்தாத் குரல்லதான் எழுப்புவேன். வீட்டுக்காரி மொதல்ல பயந்தா, வேற ஆம்பள எவனோ வீட்டுக்குள்ள வந்துட்டான்னு. அப்பறம் பழகிட்டா. அப்பறம் பேசறதையே கொறச்சுக்கினா.

போன ஆடியில ஒரு நாள். ஆயிரத்து அறுநூறு மீட்டரு, நாலு சுத்து. மூணு சுத்து பறந்தான் சார். நாலாவதுல தொய்யறான். மூச்சு வாங்குதுப்பா, நெஞ்சு வலிக்குதுப்பான்னு இடுப்புல கைய வச்சுக்கினு நடக்கறான். கிரவுண்டுல வேற பசங்க, அவங்க அப்பனுங்க எல்லாம் பாக்கறான். எனக்கு எப்படி இருக்கும்? வந்து நின்னான். நான் தட்டினேன். தட். தட். தட். ஓடிடுவான்னு பாத்தேன். நின்னான். நாலாவது குடுத்தேன்.

ஆனா சார், பெத்தவனாச்சே. நேர் கையால அடிச்சா எரியும். கொழந்தைக்கு எரியக் கூடாதுன்னு, குழிச்சுத்தான் அடிச்சேன்.

டொப்.

அழல. சிங்கம்! கொஞ்சம் சாஞ்சு நின்னான், அவ்வளவுதான். ஓடுன்னேன். ஓடினான். நேரா ஓடாம, சாராயம் குடிச்சவன் மாதிரி ஒரு பக்கமாவே இழுத்துக்கினு ஓடினான், ஆனா முடிச்சான். அப்பறம் மூணு நாள் காய்ச்சல், தலை சுத்தல், வாந்தி. ஆடிக் காத்து ஒத்துக்கல. அவங்கம்மா பூண்ட எண்ணெயில காய்ச்சி ஊத்திக்கினு இருந்தா. தலகாணி ஒறையில கறை. பருவு ஒடைஞ்சிருக்கும்னேன். அவ அந்த ஒறையத் தொவைக்காம மடிச்சு பீரோவுல வச்சிருக்கா, பொம்பளைங்களே ஒரு மாதிரிதான்.

அப்பறம் பாருங்க, அதே பையன்தான் செலக்‌ஷன்ல மொத ஆளா வந்தான்! அந்த ஒரு அறை இல்லன்னா வந்திருப்பானா?

இன்னிக்குப் பாஸ் ஆயிடுவான். நான் ரெடி பண்ணிட்டேன். டாக்டர் பின்னால நின்னுக்கினு, ஒரு காத மூடச் சொல்லி, மறுகாதுக்குக் கேக்கற மாதிரி ரகசியமா எதனா சொல்லுவாரு, இவன் திருப்பிச் சொல்லணும். எடது காது டெஸ்ட்டுக்கு வலது காத மூடச் சொல்லுவாங்க இல்ல? அப்போ வெரல இறுக்கி அழுத்தாத, சும்மா மேலாப்புல வைன்னு சொல்லி வச்சிருக்கேன். நாலு மாசமா பழக்கிட்டேன். செவுத்தப் பாத்து நிக்க வச்சு, டாக்டர் மாதிரியே குரல மாத்தி... காது கேக்காததால இல்ல சார்! காது கேக்குது! கொழாய்க் கோளாறுன்னு ஒண்ணு இருக்கே, அதுக்காக ஒரு முன்ஜாக்கிரதை.

"தம்பி... எறங்கற எடம் வருது, பாண்ட எடுத்துக் குடு... தம்பி..."

பாத்தீங்களா சார்! இப்பவும் அசையல பாருங்க! "தம்பி, பாண்ட எடுத்துக் குடு... தம்பி, காலை நகத்து..." எப்படி? உங்க குரல் அப்படியே வருதா? கோச்சுக்காதீங்கம்மா, யாரு குரலக் கேட்டாலும் எனக்கு உடனே ஒட்டிக்கும். பையனத் தப்பா நினைக்காதீங்க, அவன் இப்ப இருக்கறது சாவ்தான்ல, அட்டென்ஷன்ல. மிலிட்டரில எந்த நேரமும்...

"யோவ் மிலிட்டரி, போதும் நிறுத்துயா. வாலாஜாலேர்ந்து இந்தப் பக்கமே நின்னுக்கினு பேசறேன், ஒரு பேச்சு அந்தப் புள்ளைக்கு ஏறல. அதுக்கு இந்தக் காது செத்துப் போச்சு. எனக்கும் ஒரு காது கெடையாது, என் ஊட்டுக்காரன் குடுத்தது. எனக்குத் தெரியாதா, கேக்காதவ எப்படி உக்காருவான்னு? உனக்கும் தெரியும்யா. தெரியாமயா அதுக்குச் சோத்துக்கைப் பக்கமே ஒட்டிக்கினு வர?"